நான்காம் எண்ணுக்கு ஆள் தேடிய விவரம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

கண்ணியத்திற்குரிய மச்சான் ஹஸ்ஸான் அவர்களுக்கு, மைத்துனன் ஜெய்னுதீன் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால் ஒன்று நீங்கலாக மற்ற எல்லாம் சுகம். மேருவில் நீங்களும் என் தங்கை நசீமாவும் மருமகள் மெஹ்ரினும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க நாயனிடம் கேட்டுக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் இனி நான் எதை அனுப்பினாலும் திறக்கப்போவதில்லை, கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டு வந்தால்தான் படிப்பேன் என்று நீங்கள் கறாராகச் சொல்லிவிட்டபடியால் இந்தக் கடிதம். பேனா பிடித்துப் பல காலம் ஆகிவிட்டது. எழுத்து கோழி கிண்டியது போல இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், பிற்பாடு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது என்பதால் ஆதியிலிருந்தே எழுதிவிடுகிறேன். மெஹ்ரினுக்குச் சாலாக் செலாத்தானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பெயர் பர்வேஸ், கட்டடப் பராமரிப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று தரகர் ஆன்டி சொன்னார். நம் குடும்பத்தில் பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கும் பொறுப்பு தாய்மாமனுடையது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஆயுசில் பாதியைத் துணிக்கடையில் கழித்தவன் நான், துணியைத் தொட்டாலே சாயம் போகுமா போகாதா என்று சொல்லிவிடுவேன். அதனால் மனுஷர்களையும் அப்படியே சொல்லிவிடுவேன் என்று நசீமா நம்புகிறாள். நானும் இதுவரை அவள் நம்பிக்கையைக் கெடுத்ததில்லை. ஆனால் இந்த முறை முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சாலாக் செலாத்தானில் தெருத் தெருவாக ஏறி இறங்க முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அப்போதுதான் என் மகள் உஸ்மா போனில் வைத்திருக்கும் அந்த ஆப் ஞாபகத்துக்கு வந்தது. எதைக் கேட்டாலும் பதில் எழுதித் தருமாம். பையன் பெயரையும் ஊரையும் வேலையையும் அவளிடம் சொல்லி, விசாரித்து வைக்கச் சொல்லிவிட்டு நான் அஸர் தொழப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பக்க அறிக்கை தயாராக இருந்தது. அப்படியே வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பிவிட்டேன்.

அந்த அறிக்கையின் தமிழை நீங்களே பாராட்டினீர்கள். 'மச்சான், நீங்க இவ்ளோ நல்லா எழுதுவீங்கன்னு தெரியாம போச்சு' என்று போன் போட்டுச் சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் கட்டம் கட்டி ஒரு சின்ன எண் இருந்ததை நானும் கவனித்தேன்தான். கடையில் துணிக்கட்டுகளில் ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி ஏதோ லாட் நம்பர் என்று விட்டுவிட்டேன். கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் இருந்த நீங்கள் அப்படி விடுவீர்களா? ஒரு பேப்பர் குறைந்தாலும் கண்டெய்னரைக் கேட்டைத் தாண்ட விடாத ஆள் நீங்கள். அறிக்கையை அச்செடுத்து, ஒவ்வொரு எண்ணையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, மறுநாளே எனக்குப் போன் போட்டு, 'இதுல ஒண்ணுன்னு போட்டிருக்கே, அது யாரு?' என்று கேட்டீர்கள். கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

உஸ்மாதான் விளக்கினாள். ஒரு சங்கதி எங்கிருந்து எடுத்தது என்பதைக் காட்டத்தான் அந்த எண்களாம். விரலால் அமுக்கினால் அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போகுமாம். இதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. 'எனக்கு லிங்க் வேணாம் மச்சான், ஆளு வேணும். ஏழு நம்பர் இருக்கு, ஏழு ஆளு. அதுவும் நம்ம வீட்டாளு செல்லாது. ஒரு ஆளு கொறஞ்சாலும் ஞாயித்துக்கெழம தரகர்கிட்ட வேணாம்னு சொல்லிடுவேன்' என்றீர்கள். நியாயம்தான். பெண்ணைக் கொடுப்பது நாம். சின்ன எண்ணை நம்பியா கொடுப்பது? ஆகவே முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு, ஏழு பேரையும் தேடிப் புறப்பட்டேன். உஸ்மா வண்டி ஓட்டினாள். அவள் முகம் அன்று முழுக்கச் சரியில்லை. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் எண். 'பணிவானவர், அழைத்த உடனே வந்து நிற்பவர்' என்று அறிக்கை சொன்னது. அமுக்கினால் சாலாக் செலாத்தானில் ஒரு கார் கழுவும் கடையைப் பற்றி வாடிக்கையாளர்கள் எழுதிய பாராட்டு வந்தது. பணிவு அங்கே வேலை செய்யும் பையன்களுடையது. பர்வேஸ் பெயர் எங்கேயும் இல்லை. இருந்தாலும் எண் கூட்டிப்போன இடம் என்பதால் போனோம். கடைக்காரர் கிஷன் நல்ல மனுஷர். நான் பேச்சை ஆரம்பிப்பதற்குள் எங்கள் வண்டிக்குச் சோப்பு போட்டுவிட்டார்கள். பின் கண்ணாடி இறங்கியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. நான் பின்சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்ததையும் யாரும் பார்க்கவில்லை. தலை துவட்டத் துண்டு கொடுத்தபோதுதான் பர்வேஸைப் பற்றிக் கேட்க முடிந்தது. கிஷனுக்கு அவரைத் தெரிந்திருந்தது. ஆள் குறைவாக இருந்த ஒரு நாள், கழுவ வந்த வண்டியோடு காத்திருந்த பர்வேஸே குழாயைப் பிடித்து அடுத்தவர் வண்டிக்கும் தண்ணீர் அடித்தாராம். ஆகவே முதல் எண்ணுக்கு ஆள் கிடைத்தது. ஈரமாக இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

இரண்டாம் எண் எனக்குக் கொஞ்சம் சங்கடமானது. 'புகை அறவே ஆகாதவர்' என்று எழுதியிருந்தது. அமுக்கினால், மேருவில் ஒரு தொழிற்சாலையின் புகைபோக்கியை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் கொடுத்த புகார் வந்தது. கையொப்பமிட்டவர்கள் பெயரெல்லாம் கீழே வரிசையாக இருந்தது. மூன்றாவது பெயர் உங்களுடையது. ஆகவே உங்கள் மாப்பிள்ளை சிகரெட் பிடிக்காதவர் என்பதற்கு அறிக்கை காட்டிய சாட்சி நீங்களேதான். வீட்டாள் செல்லாது என்று நீங்களே சொல்லிவிட்டதாலும், நீங்கள் பின்கட்டில் துணி காயப்போடும் இடத்தில் நின்று பிடிப்பது நசீமாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும் என்பதாலும் உங்களைத் தள்ளிவிட்டு வேறு ஆள் தேடினேன்.

மூன்றாம் எண், 'தாயை அருகிருந்து கவனிப்பவர்.' இது குட்டி போட்ட பூனையை எப்படிப் பராமரிப்பது என்று ஒரு மிருக வைத்தியர் எழுதிய குறிப்புக்குக் கூட்டிப்போனது. அதைக் கடைசிவரை படித்தேன், உபயோகமான குறிப்புதான். பிறகு பையன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு இராஜம்மாவிடம் போனோம். அந்த அம்மா என்னை இன்சூரன்ஸ்காரன் என்று நினைத்துக் கேட்டைத் திறக்கவில்லை. சம்பந்தம் விசாரிக்க வந்தவன் என்று சொன்னதும் திறந்தார். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லும் முன், வெயில் படாத பக்கத்திலிருந்த பூச்சட்டிகளை வெயில் படும் பக்கத்துக்கு நகர்த்தச் சொன்னார். சும்மா கதை கேட்க வருகிறவர்களை அவர் சும்மா அனுப்புவதில்லையாம். உஸ்மா நாலு சட்டி, நான் ஒன்று. அப்புறம் சொன்னார்: வாராவாரம் பர்வேஸ் தன் தாயாரைக் கிளினிக்குக்கு அழைத்துப்போகிறார், குடை அம்மாவுக்குத்தான், வெயில் பையனுக்கு. அந்தத் தாயார் வாசலிலிருந்து வண்டி வரைக்கும் திட்டிக்கொண்டே போவாராம், பர்வேஸ் ஒரு வார்த்தை திருப்பிப் பேச மாட்டாராம். 'பீடி, சிகரெட்டு, ஒண்ணும் கெடையாது லா. பேச்சே கெடையாது, இதுல பொகை எங்க' என்றும் சொன்னார். இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரே ஆள் ஆகிவிட்டது. பூச்சட்டி நகர்த்தியவன் என்ற முறையில் அதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான்காவதைக் கடைசியில் சொல்கிறேன். ஐந்தாவது, 'வீட்டுச் சாப்பாட்டையே விரும்புபவர்.' எண் கூட்டிப்போனது ஒரு சாப்பாட்டுக் கடைக்கு. வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கிறது என்று யாரோ எழுதியிருந்தார்கள். கடை அந்தத் தெருவிலேயே இருந்ததால் உள்ளே போய் உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் என் வயதுக்காரர் ஒருவர் மீன் தலைக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகம் களையாக இருந்தது. ஊர்க்காரர் என்று பட்டது. மெல்லப் பேச்சுக் கொடுத்து, பர்வேஸ் வீடு எப்படி என்று கேட்டேன். பையன் தங்கம், அந்த வீட்டு அம்மா சமைப்பதைத்தான் வாய்க்கு உப்பு கேட்காமல் மூன்று வேளையும் சாப்பிடுகிறான், அல்லாஹ் அவனுக்கு அப்படி ஒரு பொறுமையைக் கொடுத்திருக்கிறான் என்றார். அந்தச் சமையல் அவ்வளவு மோசமா என்று கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து தானும் முயற்சி செய்வதாகவும் முடியாத நாட்களில் இங்கே வந்துவிடுவதாகவும் சொன்னார். பையனுடைய அத்தா அவர்தான் என்று எனக்குப் புரிய ஒரு வாய் டீ தேவைப்பட்டது. அதற்குள் பர்வேஸே அவரைக் கூட்டிப்போக வந்துவிட்டார். கடைவாசல் கூரைத் தகரத்துக்குக் குனிந்து நுழைந்தார். அறிக்கையின் ஏழாவது எண் 'நல்ல உயரம்' என்று சொல்லி ஏதோ மாடிக் கட்டடத்தின் படத்தைக் காட்டியிருந்தது. அதற்கு இனி ஆள் தேட வேண்டியதில்லை, நானே பார்த்துவிட்டேன். எனக்கு ஸலாம் சொன்னார், என் முழங்காலைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டார், வேறு எதுவும் பேசவில்லை.

ஆறாவது தொழுகை. எண்ணை அமுக்கினால் தொழுகை நேர அட்டவணையே வந்தது, ஊர் மட்டும் கோத்தா பாரு. சாலாக் செலாத்தான் சுராவில், அந்தச் சின்னத் தொழுகைக்கூடத்தில், விளக்குப் போடும் பெரியவரைக் கேட்டேன். வாசலில் கிடக்கும் அந்தப் பெரிய அளவுச் செருப்பு இல்லாத சுபுஹுத் தொழுகை கிடையாது என்றார். பர்வேஸுடைய அந்தச் செருப்பையும் பார்த்தேன், படகு மாதிரிதான் இருந்தது.

இப்போது நான்காம் எண். உங்களைத் தூங்கவிடாமல் செய்த வாக்கியம். 'அடைபட்டுப் பயந்திருப்பவர்களிடம், அவர்கள் வெளியே வரும்வரை விடாமல் பேசித் தைரியம் கொடுப்பவர்.' ஒரு மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு தகுதி வேண்டும் என்று நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. யார் அடைபட்டார்கள், எங்கே அடைபட்டார்கள், இவர் ஏன் அங்கே இருந்தார், லாக்கப்பா என்று நீங்கள் கேட்டீர்கள். எண்ணை அமுக்கினால் தேடிய பக்கம் இல்லை என்று வந்தது. மறுபடி அமுக்கினேன், மறுபடியும் இல்லை. கிஷனைக் கேட்டேன், சாவியை உள்ளே வைத்துக் கார் பூட்டிக்கொண்ட கதைகளைத்தான் சொன்னார், எதிலும் பர்வேஸ் இல்லை. இராஜம்மாவைக் கேட்டேன், சாக்கடையில் மாட்டிய பூனையைத் தீயணைப்புக்காரர்கள் எடுத்ததைச் சொன்னார். பையனின் அத்தாவிடமே மறைமுகமாக, உங்கள் மகன் மற்றவர்களுக்குத் தைரியம் சொல்வாரா என்று கேட்டேன். 'அவனா? வீட்ல ஒரு நாளைக்குப் பத்து வார்த்த பேச மாட்டான். அவன் எங்க விடாம பேசுறது?' என்று சிரித்தார். கடைசியில் மனசு கேட்காமல் போலீஸ் நிலைய வாசலுக்கே போய், பர்வேஸ் என்று ஒருவர் உள்ளே இருந்தவர்களுக்கு ஆறுதல் சொன்னது உண்டா என்று காவலுக்கு நின்ற தம்பியிடம் மலாயில் கேட்டேன். அவர் என் ஐ.சி. அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். எனக்கு உடம்பு சரியில்லையா என்று உஸ்மாவிடம் கேட்டார். அதற்குமேல் அங்கே நிற்பது முறையில்லை என்று வந்துவிட்டோம்.

ஆக மச்சான், ஆறு எண்களுக்கு ஆள் இருக்கிறது. நான்குக்கு இல்லை. எனக்குப் புரியாத ஒன்றையும் இங்கே எழுத வேண்டும். அந்த எண்கள் கூட்டிப்போன இடமெல்லாம் தப்பு. கார், புகைபோக்கி, பூனை, கட்டடம். ஆனால் சொன்ன சங்கதி எல்லாம் நிஜம். இது எப்படி என்று உஸ்மாவிடம் கேட்டால், சிக்னல் பச்சையாகிவிட்டது என்கிறாள். வழி கேட்டவனுக்குத் தப்பான பக்கம் கையைக் காட்டிவிட்டுச் சரியான வீட்டில் இறக்கிவிட்ட டாக்சிக்காரரைப் போல இருக்கிறது இது. இருந்தாலும் உங்கள் சட்டம் சட்டம். ஒரு பேப்பர் குறைந்தால் சரக்கு திரும்பத்தான் வேண்டும். நான்காம் எண்ணுக்கு உரிய மனுஷன் உலகத்தில் இல்லை என்பதால், ஞாயிற்றுக்கிழமை தரகர் ஆன்டியிடம் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பதே என் விசாரணையின் முடிவு. எழுதிவிட்டேனே தவிர எனக்கு மனசு ஆறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டானே அந்தப் பையன், அது கண்ணிலேயே நிற்கிறது. மெஹ்ரினிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வேறு நல்ல இடம் அமையும்.

நசீமாவுக்கு என் ஸலாம். மெஹ்ரினுக்கு என் துஆ. அவள் வாழ்க்கை செழிக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், வரும் பதில் அவளுக்கு நல்லதாக இருக்கட்டும். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், பின்கட்டில் அதிக நேரம் நிற்க வேண்டாம்.

இப்படிக்கு,
நீங்கள் கேட்டபடி கையெழுத்திட்டு,
ஜெய்னுதீன்

பி.கு: நாளைக் காலை உஸ்மாதான் இதை மேருவுக்குக் கொண்டுவருகிறாள் என்பதால், எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி அவளிடம் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே படித்தவள், வேண்டாம் என்று எழுதிய இடத்துக்கு வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. நான் அஸர் தொழப் போனபோது அந்த ஆப்பிடம் அவள் கேட்டாளாம். முன்பின் தெரியாத தனி மனுஷரைப் பற்றித் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று அது மரியாதையாகக் கையை விரித்துவிட்டதாம். நான் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று மெஹ்ரினுக்குப் போன் போட்டிருக்கிறாள். மெஹ்ரின் சொல்லச் சொல்ல இவள் எழுதி, ஹஸ்ஸான் மாமா ஆதாரம் கேட்பாரே என்று, 'இதை நல்ல தமிழில் ஆதாரங்களோடு எழுது' என்று அதனிடம் கொடுத்திருக்கிறாள். ஆதாரம் வேண்டும் என்றதும் அதுவும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்து ஒட்டிவிட்டது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். நான் அவ்வளவு நம்பிக்கையாகத் தைலம் தேய்த்துக்கொண்டு கிளம்பியதைப் பார்த்து வாய் வரவில்லையாம்.

உடனே மெஹ்ரினுக்குப் போன் போட்டோம். நான் கேள்வியே கேட்கவில்லை. 'மாமா, அந்த நாலு நான்தான்' என்றாள்.

கட்டடப் பராமரிப்பு என்றால் லிப்டும் அதில் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை மச்சான். போன நோன்பில் ஒரு நாள் சாயங்காலம், அவள் வேலை பார்க்கும் கோலாலம்பூர் ஆபீஸ் லிப்டில் தனியாக மாட்டிக்கொண்டாளாம். இருட்டு. அழுதிருக்கிறாள். பழுது பார்க்க வந்தவர் பர்வேஸ். 'அவருக்குப் பேசவே தெரியாது மாமா. இருந்தாலும் கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து, அந்த மோட்டார் எத்தன கிலோ இழுக்கும், கயிறு எத்தன வருஷம் தாங்கும்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. ஒரு நிமிஷம் நிறுத்தல. நோன்பு தொறக்கிற நேரம் வந்ததும் கதவு இடுக்குல ஒரு பேரீச்சம்பழம் நீட்டுனாரு' என்றாள். உங்களிடம் சொன்னால் கோலாலம்பூர் வேலையே வேண்டாம் என்று நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்து வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையாம். அப்புறம் லிப்ட் பார்க்க வரும்போதெல்லாம் அவர் பேசிய இரண்டொரு வார்த்தையிலிருந்துதான் மற்ற ஆறும். தரகர் ஆன்டியிடம் இந்த வரனைச் சொல்லி அனுப்பியதும் அவள்தான்.

ஆகவே மேலே நான் எழுதியதில் ஸலாமையும் துஆவையும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். ஏழு எண்ணுக்கும் ஒரே ஆள்தான்; வீட்டாள்தான், உங்கள் சட்டப்படி செல்லாத ஆள். சாலாக் செலாத்தானில் கார் கழுவுகிறவர் வரைக்கும் எல்லோரையும் விசாரித்தேன். அவளை நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. இப்போது உங்கள் வீட்டில், கூடத்தை அடுத்த அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்லப்போகிறீர்களோ என்று பயந்துகொண்டிருக்கிறாள். வெளியே உட்கார்ந்து கொஞ்சம் பேசுங்கள் மச்சான்.